விலையை எழுதிவிட்டு மாற்றுங்கள்: யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் ஒன்றைத் தொடங்குபவரின் கையில் முதல் ஆறு மாதங்களுக்குக் காசு தங்குவதில்லை. அரைக்கும் இயந்திரமோ தையல் இயந்திரமோ வாங்கியதில் பாதி போய்விடும். மிச்சம் மூலப்பொருளிலும் கடைக்குக் கொடுத்த முற்பணத்திலும் முடங்கிவிடும். கணக்கு எழுத ஒருவர், இலச்சினையும் லேபலும் வரைய ஒருவர், பொருட்களைப் படம் எடுக்க ஒருவர், ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல ஒரு சட்டத்தரணி, லேபலைச் சிங்களத்தில் எழுதித் தர ஒருவர் என்று தேவைகள் வரிசையாக வந்து நிற்பதும் அதே காலத்தில்தான். இவற்றுக்கெல்லாம் காசு கொடுக்க முடியாமல், எல்லாவற்றையும் தாமே செய்ய முயன்று, ஒன்றையும் ஒழுங்காகச் செய்யாமல் களைத்துப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் உள்ள பொருளையோ உழைப்பையோ கொடுத்து இந்தச் சேவைகளில் சிலவற்றைப் பெறலாம். இப்படிப் பண்டமாற்றாகக் கொடுத்து வாங்குவதைத்தான் மாற்றம் என்று சொல்கிறேன். அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கொக்குவிலில் கறித்தூள் பொதி செய்யும் தொழிலை நான் தொடங்கியபோது கணக்கு, படம், மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் இப்படித்தான் பெற்றேன். அவை நன்றாக நடந்தன. நான்காவதாக ஒன்று செய்தேன், அது நட்டத்தில் முடிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். நான்கையும் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான். இரண்டு பக்கத்துக்கும் ரூபாவில் விலை எழுதாமல் எந்த மாற்றத்தையும் தொடங்கக் கூடாது. எங்கள் ஊரில் கணக்காளர் ஒன்றுவிட்ட அண்ணராக இருப்பார், லேபல் வரைபவர் பக்கத்து வளவுப் பிள்ளையாக இருப்பார். முகதாட்சணியத்தால் ஒருவரும் விலை பேசமாட்டார்கள். பேசாத விலையை இரண்டு பேரும் மனத்துக்குள் வேறு வேறாக வைத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்து அந்த வேறுபாடு வெளியே வரும்போது சேவையோடு உறவும் போய்விடும்.

இது எங்களுக்குப் புதிய பழக்கமும் அல்ல. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் ஒற்றி என்ற ஈட்டு முறை இடம்பெற்றிருக்கிறது. அதில் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை அனுபவிப்பார். ஆனால் முதல் எவ்வளவு என்பது காசிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பலனைப் பொருளாக எடுத்தாலும் கடனைத் தொகையாக வைத்திருந்த அந்த ஒழுங்கை நாங்களும் பின்பற்றலாம்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

முதலில் ஒரு தாளை எடுத்து, அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குத் தேவையான சேவைகளையும் செலவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் காசாக மட்டுமே கட்டக்கூடியவற்றை உடனே பிரித்துவிடுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவதற்கான கட்டணம், முத்திரை வரி, மின்கட்டணம், வருமான வரி ஆகியவை அந்தப் பக்கம் போகும். வேலைக்கு ஆள் வைத்தால் அவருடைய சம்பளமும் அந்தப் பக்கமே. சம்பளத்தைக் காசாகக் கொடுப்பதோடு, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதமும் உங்களிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்களிடமிருந்து 3 வீதமும் மாதந்தோறும் கட்ட வேண்டும். "சம்பளத்தில் பாதிக்குத் தூள் எடுத்துக்கொள், தங்கச்சி" என்று சொல்வது, வேலை வேண்டி நிற்கும் பிள்ளையை மறுக்க முடியாத இடத்தில் நிறுத்துவதாகும். அதை மாற்றம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிராம அலுவலர், வரி உத்தியோகத்தர் ஆகியோரின் கடமை விலைக்குரிய சேவை அல்ல. அனுமதிக்காகவோ அறிக்கைக்காகவோ அவர்களுக்கு ஒரு பொதி பலகாரம் கொடுப்பதும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கண்ணில் இலஞ்சமாகலாம். அன்பாகக் கொடுப்பதுதானே என்று எண்ணாதீர்கள். தொழில் தொடங்கும் காலத்தில் அவர்களுடைய வீட்டுக்கு உங்கள் பொருள் போகாமல் இருப்பதே இரு பக்கத்துக்கும் மரியாதை.

மீதி இருப்பவை கணக்கெழுதுதல், வடிவமைப்பு, படப்பிடிப்பு, மொழிபெயர்ப்பு, இணையப் பக்கம், பெயர்ப்பலகை, மின்னிணைப்பு வேலை, தச்சுவேலை, போக்குவரத்து, சட்ட ஆலோசனையின் ஒரு பகுதி போன்றவை. இவற்றின் செலவில் பெரும்பங்கு ஒருவருடைய நேரமும் திறமையும்தான் என்பதால் மாற்றத்துக்கு இடம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் மட்டும் தகரம், சட்டம், அச்சு என்று அவர் காசு கொடுத்து வாங்கும் பொருள் அதிகம். அங்கே பொருட்செலவைக் காசாகக் கொடுத்துவிட்டு, கூலியை மட்டும் மாற்றமாகப் பேசுவதே நியாயம்.

உங்களிடம் என்ன இருக்கிறது

கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்களும் கணக்கெடுத்துப் பார்த்தால் நான்கைந்து பொருளாவது இருக்கும். நீங்கள் செய்யும் பொருள் முதலாவது. மத்தியானத்துக்குப் பின் சும்மா நிற்கும் அரைக்கும் இயந்திரம், மாலை நேரத்தில் பூட்டிக் கிடக்கும் கடையின் முன் மண்டபம், கிழமையில் மூன்று நாள் வெறுமையாகத் திரும்பும் பட்டா வாகனம், உங்களுடைய தையல் அல்லது கணினித் திறமை என்று அந்தப் பட்டியல் நீளும்.

இவற்றில் எதைக் கொடுப்பது உங்களுக்குக் குறைந்த செலவு என்று பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபாவுக்கு விற்கும் தூளைச் செய்ய 700 ரூபா செலவாகிறது என்றால், அந்தத் தூளைக் கொடுத்துப் பெறும் ஆயிரம் ரூபாச் சேவைக்கு உங்கள் கையிலிருந்து போவது 700 ரூபா. சும்மா நிற்கும் இயந்திரத்தில் கணக்காளர் வீட்டு மிளகாயை அரைத்துக் கொடுத்தால் போவது மின்சாரமும் உங்கள் ஒரு மணி நேரமும்தான். ஆகவே பொருளைவிடச் சும்மா கிடக்கும் வசதியைக் கொடுப்பது பெரும்பாலும் மேல். ஆனால் சந்தையில் காசுக்கு உடனே விற்றுவிடக்கூடிய பொருளைக் கொடுத்தால் உங்களுக்கு இலாபம் ஒன்றும் இல்லை. திருநெல்வேலிச் சந்தையில் அன்றைக்கே விலைபோகும் சரக்கை விற்றுவிட்டு, அந்தக் காசைக் கொடுத்துச் சேவையைப் பெறுவது அதைவிட எளிது. விற்காத பொருளும் நிரம்பாத நேரமும் இருக்கும் இடத்தில்தான் மாற்றம் பயன் தரும். இதை விளங்காமல் தொடங்கியவர்கள்தான் "எல்லாம் மாற்றத்தில் செய்தேன், ஆனாலும் கையில் ஒன்றும் இல்லை" என்று பிறகு கவலைப்படுகிறார்கள்.

காலத்தையும் பாருங்கள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய கிழமைகளில் தையற்காரருக்கு மூச்சுவிட நேரம் இராது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் நகரத்தில் சிற்றுண்டி விற்பவருக்கு ஒவ்வொரு பொதியும் காசு. அந்த நாட்களில் மாற்றத்துக்குப் பொருள் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒன்று வாக்குத் தவறும், இல்லாவிட்டால் வியாபாரம் தவறும்.

யாரிடம், எப்படிக் கேட்பது

நீண்ட காலம் தொழிலில் இருக்கும் பெரிய நிறுவனத்திடம் மாற்றம் கேட்டுப் பயன் இல்லை. அங்கே தீர்மானம் எடுப்பவர் ஒருவர், வேலை செய்பவர் இன்னொருவர். படிப்பை முடித்துத் தனியாகத் தொழில் தொடங்கியிருக்கும் கணக்காளர், தன் வேலையைக் காட்ட மாதிரிகள் தேடும் வடிவமைப்பாளர், கலியாண நாட்கள் இல்லாத மாதத்தில் கமராவைச் சும்மா வைத்திருக்கும் படப்பிடிப்பாளர் ஆகியோரிடம் போங்கள். உங்களைப் போலவே அவர்களும் தொழிலின் தொடக்கத்தில் நிற்பவர்கள்.

கேட்கும் ஒழுங்கில் ஒரு முறை உண்டு. மாற்றத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே காசு விலையைக் கேட்டுவிட வேண்டும். "அக்கா, மாதம் ஒருக்கால் என்ரை கணக்கைப் பார்த்து எழுதித் தர எவ்வளவு எடுப்பியள்?" என்று கேளுங்கள். அவர் ஒரு தொகையைச் சொல்வார். அதைக் குறித்துக்கொண்ட பிறகு, "முழுவதையும் காசாகத் தர இப்ப என்னால் ஏலாது, ஒரு பங்கைக் காசாகவும் மிச்சத்தை நான் செய்யிற சாமானாகவும் தந்தால் உங்களுக்கு உதவுமோ? உதவாவிட்டால் வெளிப்படையாச் சொல்லுங்கோ, நான் ஒண்டும் நினைக்கமாட்டன்" என்று கேளுங்கள். முதலில் மாற்றத்தைப் பேசினால் அவர் சொல்லும் விலை சற்று ஏறியே வரும், அல்லது "அதெல்லாம் பிறகு பார்ப்பம்" என்ற பதில் வரும். அந்த "பிறகு பார்ப்பம்" என்ற சொல்லை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அன்பினால் சொல்லப்படுவதாலேயே அந்தச் சொல் பெரிய தொல்லையாகிறது.

அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். உங்கள் ஒடியல் மாவும் பனங்கட்டியும் எவ்வளவு தரமானவை என்றாலும், வீட்டு வாடகைக்குக் காசு தேவைப்படுபவருக்கு அவை உதவா. தாயார் வழியாகவோ கோயிலில் கண்டோ மறுபடி கேட்டு நெருக்குவது முறையல்ல.

ரூபாவில் விலை வைத்தல்

இதைக் கணக்காகவே பார்ப்போம். தொகைகள் விளங்கிக்கொள்வதற்காக நான் எடுத்துக்கொண்டவை; உங்கள் இடத்து விலையைப் போட்டுப் பாருங்கள்.

கோப்பாயில் முறுக்கும் தட்டை வடையும் செய்து விற்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு, மாதம் 6,000 ரூபாவுக்குக் கணக்கெழுதித் தர ஒரு கணக்காளர் சம்மதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 72,000 ரூபா. அத்தனைக்கும் முறுக்குத் தருகிறேன் என்று சொன்னால் அது நடக்காது. நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் மாதம் 6,000 ரூபாவுக்கு முறுக்குச் சாப்பிட முடியாது. அந்த வீட்டில் உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் மாதம் 2,500 ரூபாவுக்கு என்று வருகிறது. ஆண்டுக்கு அது 30,000 ரூபா. இரண்டு பேரும் மாதக் கணக்குக்குள் முடங்கிவிடாமல் ஆண்டு முழுவதையும் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆவணியில் கணக்காளரின் மகளுக்குச் சாமத்தியவீடு வைத்திருக்கிறார்கள். வருபவர்களுக்குக் கொடுக்க 250 பலகாரப் பொதிகள் வேண்டும். ஒரு பொதியின் சில்லறை விலை 140 ரூபா, ஆனால் இருநூறுக்கு மேல் எடுக்கும் எவருக்கும் 120 ரூபாவுக்கே கொடுப்பது வழக்கம் என்றால், கணக்காளருக்கும் 120 ரூபாதான் போட வேண்டும். அது 30,000 ரூபா. இப்போது 60,000 ரூபா பொருளால் தீர்ந்தது. மிச்சம் 12,000 ரூபாவை மாதம் 1,000 ரூபாவாகக் காசில் கொடுத்துவிடலாம்.

பலகாரம் செய்ய விற்பனை விலையில் 65 வீதம் செலவாகிறது என்றால், 60,000 ரூபாப் பொருளுக்கு 39,000 ரூபா செலவு. காசாகக் கொடுத்த 12,000 ரூபாவையும் சேர்த்தால் 51,000 ரூபா. 72,000 ரூபாச் சேவை 51,000 ரூபாவுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு, அந்தப் பலகாரத்தைச் செய்ய உங்களுக்கு நேரம் மிஞ்சியிருந்தால் மட்டுமே சரி. ஆவணியில் வேறு மூன்று சாமத்தியவீட்டுக் கட்டளைகளை இதற்காகக் கைவிட்டிருந்தால், அங்கே போன இலாபத்தையும் செலவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விலை வைக்கும்போது புதியவர்கள் செய்யும் தவறு, மாற்றத்துக்குப் போகும் பொருளுக்கு மட்டும் ஒரு தனி விலையை ஏற்றி வைப்பது. மற்றவர் அதே பொருளின் விலையைச் சுன்னாகத்திலோ மருதனார்மடத்திலோ கேட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதே அளவில் வாங்கும் வெளியாருக்கு என்ன விலையோ அதுவே மாற்றத்துக்கும் விலை என்று வைத்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

தாளில் எழுதுதல்

என்னுடைய நட்டம் இந்த இடத்தில் வந்தது. என் தூள்களுக்கு லேபல் வரைந்து தர ஒருவர் முன்வந்தார். மாதம் நாலு கிலோத் தூள், ஆறு மாதத்துக்கு என்று வாய்ப்பேச்சாக முடித்துக்கொண்டோம். விலையும் எழுதவில்லை, எந்த வடிவில் தருவார் என்பதையும் எழுதவில்லை. மூன்று கிழமையில் வாட்ஸ்அப்பில் ஒரு படமாக லேபல் வந்தது. கைபேசியில் பார்க்க மிக அழகாக இருந்தது. அச்சகத்தில் அதைப் பெரிதாக்கியபோது எழுத்தின் ஓரங்கள் பஞ்சுபோல் கலைந்தன, சிவப்பு மண்ணிறமாக விழுந்தது. மூலக் கோப்பைக் கேட்டார்கள். பல நாள் கேட்டபின் கிடைத்த கோப்பைத் திறந்தால், பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ் முழுவதும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பி நின்றது. திருத்தித் தரச் சொன்னபோது அவர் வேறு வேலையில் சேர்ந்திருந்தார். திருத்தத்துக்குத் தனியாகக் காசு கேட்டார். அவர் கேட்டது தவறு என்று சொல்ல என்னிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை. அதற்குள் பத்தொன்பது கிலோத் தூள் கொடுத்திருந்தேன். லேபலை வேறொருவரிடம் காசுக்குப் புதிதாக வரைவித்தேன்.

ஆகவே ஒரு பக்கத் தாள் போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். சட்ட மொழி தேவையில்லை. கீழே உள்ளதுபோல் எழுதலாம்:

"கோப்பாயில் பலகாரத் தொழில் நடத்தும் முதலாமவரும், திருநெல்வேலியில் வடிவமைப்பு வேலை செய்யும் இரண்டாமவரும் இன்றைய திகதியில் சம்மதித்துக்கொண்டது: இரண்டாமவர் மூன்று அளவுகளில் லேபலும் ஓர் இலச்சினையும் வரைந்து, இரண்டு தடவை திருத்தி, அச்சுக்கு ஏற்ற மூலக் கோப்பாகவும் எழுத்துகள் உருவமாக மாற்றப்பட்ட கோப்பாகவும் ஐப்பசி முடிவதற்குள் தருவார். இதன் பெறுமதி 25,000 ரூபா. முதலாமவர் இதில் 10,000 ரூபாவைக் காசாகவும், 15,000 ரூபாவைச் சில்லறை விலையிலான பலகாரமாக ஐந்து மாதங்களிலும் தருவார். எந்த மாதத்திலாவது பொருள் கொடுக்க முடியாமல் போனால் அந்த மாதத்துப் பெறுமதி காசாகக் கொடுக்கப்படும். முழுப் பெறுமதியும் தீர்ந்தவுடன் இலச்சினையினதும் லேபலினதும் பொருளாதார உரிமைகள் முதலாமவரைச் சேரும்."

இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். கடைசி வரியைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி வரைந்தவரே முதல் உரிமையாளர். அந்த உரிமை உங்களுக்கு மாற வேண்டுமானால் அது எழுத்தில் இருந்து, கையெழுத்திடப்பட்டிருக்க வேண்டும். தூள் கொடுத்ததாலோ காசு கொடுத்ததாலோ மட்டும் இலச்சினை உங்களுடையதாகிவிடாது. எழுத்தால் இன்னொரு பயனும் உண்டு: எழுதிய ஒப்பந்தத்தின் மீது வழக்கு வைக்க ஆறு ஆண்டுகள் இருக்கின்றன, வாய்ப்பேச்சுக்கு மூன்று ஆண்டுகள்தான். நீங்கள் ஒருநாளும் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் தாள் இருக்கிறது என்று இருவருக்கும் தெரிவதே பேச்சைத் தெளிவாக வைத்திருக்கும்.

"ஐயையோ, எங்களுக்குள்ளை என்ன எழுத்து" என்று மற்றவர் தயங்கினால், "உங்களை நம்பாமல் இல்லை அண்ணை, எனக்கு மறதி, மாதக் கணக்குக்கும் இது வேணும்" என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, கணக்குக்கு அது உண்மையாகவே வேண்டும்.

சேவைக்குச் சேவை கவனிக்க வேண்டியவை

கணக்காளர் உங்கள் கணக்கை எழுதுவதற்கு மாற்றம் செய்துகொள்ளலாம். ஆனால் கணக்காய்வு செய்து அறிக்கையில் ஒப்பமிடுபவர் உங்கள் கொடுக்கல் வாங்கலில் இருந்து விலகி நிற்க வேண்டியவர். அவருடைய கட்டணத்தைக் காசாகவே வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணியிடம் கேட்பதானால், ஆலோசனைக்கும் எழுத்து வேலைக்கும் உரிய கட்டணத்தைப் பற்றி மட்டும் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தால் மறுபேச்சு வேண்டாம்.

கடையின் முன் மண்டபத்தை மாலை நேரத்தில் ரியூசனுக்குக் கொடுத்து, அந்த ஆசிரியரிடம் ஆங்கிலக் கடிதங்களை எழுதுவித்துக்கொள்ளும் வழி நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் பல மாதங்களாக ஒழுங்காக நடக்கிறது. ஆனால் இடம் என்று வந்தால் கவனம் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். ஆகவே இடத்தை அவருக்கே விட்டுவிடாமல், திறப்பை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, குறித்த நாட்களில் குறித்த மணி நேரத்துக்குப் பயன்படுத்த விடுவதாக எழுதுங்கள். நீங்களே வாடகைக்கு இருப்பவராக இருந்தால், உரிமையாளரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இணையப் பக்கம் செய்பவரிடம் இரண்டைக் கேளுங்கள். இணைய முகவரி உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியப்பட வேண்டும். பேஸ்புக் பக்கத்தின் முழு அதிகாரமும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் முகவரியைப் புதுப்பிக்கும் கட்டணம் காசு என்பதை முதல் நாளே விளங்கிக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளர் வெளிநாடு போனபின் தன்னுடைய கடைப் பக்கத்துக்குள் தானே நுழைய முடியாமல் நின்ற ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பு மிகவும் எளிதாக மாற்றத்துக்கு வரும் சேவை, ஆனால் மிகவும் குறைவாக மதிக்கப்படுவதும் அதுதான். "ரெண்டு வரிதானே" என்று சொல்லி ஒரு பொதி தூளோடு முடிக்கப் பார்க்காதீர்கள். சேர்பொருட்களின் பட்டியலில் ஒரு சொல் பிழைத்தால், அச்சடித்த அத்தனை லேபலும் வீணாகும். மொழிபெயர்த்தவரைத் தவிர வேறொருவரிடமும் கொடுத்து ஒருமுறை வாசிப்பித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேர் சுற்றாகக் கொடுத்து வாங்கும் யோசனையும் சிலருக்கு வரும்: நீங்கள் தையற்காரருக்கு, தையற்காரர் படப்பிடிப்பாளருக்கு, படப்பிடிப்பாளர் உங்களுக்கு. ஒருவர் தாமதித்தால் மூவரும் நிற்பார்கள். முதல் ஆண்டில் இதற்குள் போகாமல் இருப்பது நல்லது.

பற்றுச்சீட்டும் வரியும்

காசு கைமாறவில்லை என்பதால் கணக்கில் எழுதத் தேவையில்லை என்று நினைப்பது பெரும் பிழை. நீங்கள் கொடுத்த 15,000 ரூபாப் பலகாரம் உங்களுக்கு விற்பனை. நீங்கள் பெற்ற 15,000 ரூபா வடிவமைப்பு உங்களுக்குச் செலவு. இரண்டையும் எழுத வேண்டும். நீங்கள் அவருக்கு ஒரு பற்றுச்சீட்டும், அவர் உங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டும் எழுதி, இரண்டிலும் "மாற்றத்தால் தீர்க்கப்பட்டது" என்று குறித்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் வருமானம் பொருளாகவோ சேவையாகவோ வந்தாலும் அதன் சந்தைப் பெறுமதிக்கு வருமானமே. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கான ஆண்டு விடுவிப்பு 18 இலட்சம் ரூபா என்பதால் தொடக்கத்தில் பலருக்கு வரி வராது. ஆனாலும் கணக்கு முழுமையாக இருந்தால்தான் அந்த எல்லைக்கு உள்ளே நிற்கிறோமா என்பதே தெரியும்.

மற்றவர் பெறுமதி சேர் வரிக்குப் பதிந்த நிறுவனமாக இருந்தால், மாற்றமாகக் கொடுத்தாலும் சந்தைப் பெறுமதிக்கு அவர் 18 வீதம் வரி கட்ட வேண்டியிருக்கும். அந்த வரித்தொகையை அவர் காசாகக் கேட்பது நியாயமே. அதை முன்கூட்டியே விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

உங்கள் தொழிலை வரையறுத்த கம்பனியாகப் பதிந்திருந்தால் பொருள் கம்பனியினுடையது என்பதை மறக்கக் கூடாது. கம்பனியின் தூளைக் கொடுத்து உங்கள் வீட்டுக் கூரையை வேய்ந்துகொள்ள முடியாது. கொடுத்தால் அது கம்பனியிடம் நீங்கள் பட்ட கடன்.

எல்லாவற்றையும் மாற்றத்தில் செய்துவிடலாம் என்ற ஆசையும் வேண்டாம். வங்கியில் கடன் கேட்கும்போது அவர்கள் பார்ப்பது உங்கள் கணக்கில் வந்து போன காசை. மாற்றமாக நடந்த வியாபாரம் அதில் தெரியாது. முதல் ஆண்டில் உங்கள் சேவைச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றத்தில் வைக்காமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

கணக்கை மூடுதல்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கொப்பிப் பக்கம் வையுங்கள். இடது பக்கத்தில் நீங்கள் கொடுத்தது, வலது பக்கத்தில் பெற்றது. திகதி, அளவு, ரூபா, வாங்கியவரின் சுருக்கக் கையெழுத்து. கொடுக்கும் வாசலிலேயே எழுதிவிட வேண்டும், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எழுதப்படாது. மாதம் ஒருமுறை பக்கத்தைப் படம் எடுத்து மற்றவருக்கு அனுப்பிவிட்டால், யாருக்கும் வேறொரு கணக்கு மனத்தில் வளராது.

ஒருவர் பின்தங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்காதீர்கள். உங்கள் பக்கக் கொடுப்பனவை அந்த இடத்தில் நிறுத்தி, "அண்ணை, இதுவரை 9,000 ரூபாவுக்குக் குடுத்திருக்கிறன், 4,000 ரூபா வேலை முடிஞ்சிருக்கு, மிச்சத்தை எப்பிடித் தீர்ப்பம்?" என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். தொகையைச் சொன்னால் குறை சொல்வதாக இராது. விலை எழுதியிருந்தால் இதைச் சொல்ல முடியும். எழுதாவிட்டால் நான் நின்றதுபோல் வாயடைத்து நிற்க வேண்டியதுதான்.

வரி ஆண்டு மார்ச் 31இல் முடிவதால், எல்லா மாற்றங்களையும் அந்தத் திகதிக்கு முன் தீர்த்துவிடுவது வசதி. எங்கள் கணக்காளர் அக்காவும் நானும் மார்ச் கடைசியில் அவருடைய வீட்டு விறாந்தையில் இரண்டு கொப்பிகளையும் விரித்துவைத்துக்கொண்டு இருப்போம். போன முறை என் பக்கத்தில் 1,350 ரூபா குறைந்தது. "விடுங்கோ தங்கச்சி, பொங்கலுக்குத் தந்த தூளோடை சரி" என்றார். பொங்கலுக்குக் கொடுத்தது பொங்கலுக்கு என்று சொல்லி, காசைக் கொடுத்துப் பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கினேன். பிறகு அவர் தேநீர் ஊற்ற உள்ளே போக, நான் ஏப்ரலில் இருந்து தொடங்கும் புதிய தாளில் முதலாவதாக அவருடைய மாதக் கட்டணத்தை எழுதினேன். அந்த ஆண்டு அதை 500 ரூபாவால் கூட்டியிருந்தார்.